சொன்ன பேச்சைக் கேட்காத நாய்

தம்பி, நீங்கள் கேட்டது இது: போலீஸ் துப்பறிவாளரும் அடங்காத நாயும் ஜோடி சேரும் பழைய நகைச்சுவைப் படங்களில் ஒன்பது வயது மகளுக்கு எதைக் காட்டலாம்? நாய் கடைசியில் செத்துவிடுமா? படத்தைப் பார்த்துவிட்டு அதே மாதிரி நாய் வேண்டும் என்று அவள் அடம்பிடித்தால் என்ன செய்வது? இவற்றுக்கு நடுவே, 'போலீஸ் நாயைப் பார்த்துச் சிரிக்க என்ன இருக்கிறது என்று அப்பா எழுந்து போய்விட்டார்' என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். நிறவெறி ஆட்சி டர்பனில் இந்தியர்களை ஒதுக்கிக் குடியமர்த்திய சாட்ஸ்வொர்த்தில் காலம் கழித்த ஒருவர் அப்படி எழுந்து போவதற்குக் காரணம் உண்டு. அந்த வரிக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். டர்பனில் பல ஆண்டுகளாக நாய்களுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறேன். இந்தப் படங்களையும் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

ஹாலிவுட்டில் 1989-இல் ஏறக்குறைய ஒரே கருவை வைத்து இரண்டு படங்கள் மூன்று மாத இடைவெளியில் வந்தன. ஏப்ரல் 28 அன்று 'கே-9'. ஜூலை 28 அன்று 'டர்னர் அண்ட் ஹூச்'. முதல் படத்தை இயக்கியவர் ராட் டேனியல். அதில் சான் டியேகோ நகரத்துத் துப்பறிவாளராக ஜேம்ஸ் பெலூஷி. அவருக்குத் துணை ஜெர்ரி லீ என்ற ஜெர்மன் ஷெப்பர்டு. இரண்டாவதில் டாம் ஹாங்க்ஸ், கலிபோர்னியாவின் ஒரு சின்னக் கடலோர ஊரில் துப்பறிவாளர். ஹென்றி விங்க்ளர் இயக்கத்தில் தொடங்கிய படம் அது. இரண்டு வாரம் முடிவதற்குள் அவரை விலக்கிவிட்டு ரோஜர் ஸ்பாட்டிஸ்வுட்டை அழைத்து வந்து முடித்தார்கள். அந்தக் குழப்பத்தின் சுவடு திரையில் எங்கும் தெரியாது.

மகளுக்கு 'டர்னர் அண்ட் ஹூச்' போதும். 'கே-9' போதைப்பொருள் வியாபாரியைத் துரத்தும் கதை. அடிதடியும் கொச்சைப் பேச்சும் அதில் அதிகம். அமெரிக்காவிலேயே அதற்குப் பதின்மூன்று வயது எச்சரிக்கை போட்டுத்தான் வெளியிட்டார்கள். ஆனால் ஒன்று: 'கே-9'-இல் நாய் குண்டடி பட்டும் பிழைத்துக்கொள்கிறது. 'டர்னர் அண்ட் ஹூச்'-இல் நாய் செத்துவிடுகிறது. இதை மறைக்காமல் முன்கூட்டியே மகளிடம் சொல்லிவிடுங்கள். எதிர்பாராமல் அந்தக் காட்சியில் மாட்டிக்கொண்ட குழந்தைகள் படத்தையே வெறுத்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். தெரிந்துகொண்டு பார்க்கும் குழந்தை அழும், ஆனால் கடைசியில் குட்டிகள் வரும்வரை உட்கார்ந்திருக்கும்.

நான் 'டர்னர் அண்ட் ஹூச்' படத்தை உயர்த்திச் சொல்வதற்கு வயது மட்டும் காரணம் இல்லை. ஜெர்ரி லீ போலீஸ் துறையின் நாய். குறும்புக்காரன், எஜமானனை அலைக்கழிப்பான், ஆனால் வேளை வந்தால் கற்ற வித்தையைக் காட்டிவிடுவான். சிப்பாய் கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டு அணிவகுப்பில் வந்து நின்றுகொள்கிற கதைதான் அது. ஹூச் அப்படி இல்லை. துறைமுகத்துப் பக்கம் தனியாக வாழும் ஏமஸ் என்ற கிழவரின் நாய். கிழவர் கொலை செய்யப்படுகிறார். கொலையைப் பார்த்த ஒரே உயிர் இந்த நாய். அதற்குப் போலீஸும் தெரியாது, கட்டளையும் தெரியாது. அதை வீட்டுக்கு அழைத்துப் போகும் டர்னரோ, ஒரு பொருள் இடம் மாறியிருந்தாலும் தாங்கமுடியாத சுத்தக்காரர். அறை அறையாகக் கூட்டிக்கொண்டு போய், இது உன் இடம் இல்லை, இதுவும் உன் இடம் இல்லை என்று அந்தப் பெரிய தலையைப் பார்த்து ஹாங்க்ஸ் விளக்கும் காட்சியைக் கவனியுங்கள். நாய் மூச்சிரைத்தபடி நிற்கிறது. உதட்டு மடிப்பிலிருந்து எச்சில் நூலாக இறங்குகிறது. அவர் கடைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது வீடு சூறையாடப்பட்டுக் கிடக்கிறது. நாயின் முகத்தில் குற்ற உணர்வு கொஞ்சமும் இல்லை. நடிகரின் முகத்தில்தான் உலகமே இடிந்திருக்கிறது. நகைச்சுவை முழுவதும் அங்கே இருக்கிறது.

இப்போது பயிற்சியாளனாக ஒன்று சொல்கிறேன், உங்கள் மகளுக்கு இது பிடிக்கும். ஹூச்சாக நடித்தது பீஸ்லி என்ற நாய். பயிற்சி கொடுத்தவர் கிளின்ட் ரோவ். திரையில் அடங்காத நாயாக வருவதற்கு அசாத்தியமாக அடங்கிய நாய் வேண்டும். விளக்குகள் சூழ, இருபது முப்பது பேர் நடமாட, கேமரா தலைக்குமேல் நகர, குறித்த இடத்தில் போய் நின்று, சொன்ன நொடியில் தலையை உதறி, அடுத்த 'டேக்'கிலும் அதையே செய்ய வேண்டும். மெத்தையைக் கிழிக்கிற காட்சி என்றால், கடித்து இழுக்கும் விளையாட்டை முதலில் தனியாகக் கற்றுக்கொடுப்பார்கள். நாயைப் பொறுத்தவரை அது விளையாட்டு. உறுமலும் அப்படித்தான். துணியை இழுத்து விளையாடும்போது தானாக வரும் உறுமலைப் பிடித்து, அதற்கு ஒரு கைச்சைகையைப் பழக்கிவிடுவார்கள். எந்த நாய்ப் படத்திலும் மூர்க்கமான காட்சி வந்தால் வாலைப் பாருங்கள். பல் தெரியும், உறுமல் கேட்கும், வால் மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். அதனால்தான் இயக்குநர்கள் அந்த இடங்களில் முகத்தை மட்டும் நெருங்கிக் காட்டுகிறார்கள். கண்ணையும் பாருங்கள்: பார்வை பல சமயம் நடிகரின் முகத்தில் இருக்காது, தோளுக்குமேல் எங்கோ போகும். கேமராவுக்குப் பின்னால் பயிற்சியாளர் கையில் தீனியோடு நிற்கிறார் என்று அர்த்தம். ஹூச்சும் டர்னரும் ஒருவரையொருவர் நேராகப் பார்த்துக்கொள்வதாக நமக்குத் தோன்றும் காட்சிகள் எத்தனை உழைப்பில் கிடைத்தவை என்பது அப்போதுதான் புரியும்.

இனி அப்பாவின் கேள்விக்கு வருகிறேன்.

அந்தப் படங்கள் வந்த 1989-இல் இங்கே தென்னாப்பிரிக்காவில் என்ன நடந்துகொண்டிருந்தது? நாடு முழுவதும் அவசரநிலை. மற்ற மாகாணங்களில் 1990 ஜூனில் விலக்கிக்கொண்ட பிறகும் நம் நேட்டாலில் அக்டோபர் வரை நீட்டித்தார்கள். டர்பன் கடற்கரையில் எந்த மணல் எந்த இனத்தாருக்கு என்று மூன்று மொழிகளில் பலகை நட்டிருந்தது. அந்த ஆகஸ்டில் கேப் டவுன் பக்கத்து வெள்ளையர் கடற்கரைகளில் காலை நனைக்கப் போன மக்களை எதிர்கொள்ளப் போலீஸ் சாட்டைகளோடும் நாய்களோடும் வந்தது. அந்தத் தலைமுறை அறிந்த போலீஸ் நாய் வேன் கதவு திறந்ததும் குதித்து இறங்கும், தோல்வாரின் நுனியில் பின்னங்காலில் எழும்பி நிற்கும். அதைப் பார்த்தே கூட்டம் கலைந்துவிடும். கலையாவிட்டால் வாரை அவிழ்ப்பார்கள். நகரத்துக்கு வேலைக்கு வந்த கறுப்பின மக்கள் இதை நம்மைவிடப் பலமடங்கு அனுபவித்தார்கள்.

1994-இல் நிறவெறி ஆட்சி முடிந்த பிறகும் அது உடனே ஒழிந்துவிடவில்லை. காவலர்கள் ஆறு பேர் மொசாம்பிக்கிலிருந்து வந்த தொழிலாளர்கள்மீது நாய்களை ஏவிவிட்டுச் சிரிக்கும் காட்சி 1998-இல் எடுக்கப்பட்டு, 2000 நவம்பரில் தேசியத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. 'நாய்க்குப் பயிற்சி' என்ற பெயரில் நடந்தது அது. அதில் ஈடுபட்டவர்கள் சிறைக்குப் போனார்கள். அந்தப் படச்சுருளை நான் என் தொழிலின் கண்ணோடு பார்த்தவன். நாய்களிடம் தவறு ஒன்றுமில்லை. பழக்கியதை அப்படியே செய்தன. 'விடு' என்று ஒரு சொல் வந்திருந்தால் விட்டிருக்கும். அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை.

ஆகவே உங்கள் அப்பாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்: அவர் கண்ட நாய்கள் எல்லாம் சொன்ன சொல்லைத் தட்டாத நாய்கள். ஹூச் எவர் சொல்லையும் கேட்காத நாய். போலீஸ்காரர் அதிகாரத்தோடு விரல் நீட்டிக் கட்டளை இடுகிறார். நாய் அவர் காரின் உள்ளே கடித்துக் குதறிப் போடுகிறது. இந்த ஊரில் வாழ்ந்தவர்களுக்கு இதில் ஒரு தனி நிம்மதி இருக்கிறது என்று நான் உண்மையாகவே நம்புகிறேன். படம் முடிவதற்குள் மாறிப்போவது அந்த மனிதர்தான். நாய் அப்படியே இருக்கிறது. அப்பாவுக்கு 'கே-9' பிடிக்காது, அதைப் போட வேண்டாம். 'டர்னர் அண்ட் ஹூச்' பிடிக்க வாய்ப்பு இருக்கிறது. வற்புறுத்தாதீர்கள்; பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தால் தாத்தா தானாக வருவார்.

நாய் ஒரு கொலைக்குச் சாட்சியாக முடியுமா என்பது அடுத்து எல்லோரும் கேட்பது. இதற்கு நம் நாட்டில் நூறு ஆண்டுக்கு முந்தைய பதில் இருக்கிறது. 1920-இல் ட்ருபீடோ வழக்கில் தென்னாப்பிரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், மோப்பம் பிடித்துப் போய் நாய் ஒருவரைக் காட்டியது என்பதைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்று தீர்ப்பளித்தது. நாயின் மனத்தில் என்ன ஓடியது என்று குறுக்கு விசாரணை செய்ய முடியாதே! 1986-இல் ஷபலாலா வழக்கிலும் நீதிமன்றம் அந்த எச்சரிக்கையைக் கைவிடவில்லை. நம்பகத்தன்மையை உறுதியாக நிரூபித்துக் காட்டினால் யோசிக்கலாம் என்கிற அளவுக்குத்தான் கதவைத் திறந்து வைத்தது. இதில் படம் சறுக்கவில்லை என்பது எனக்குப் பிடித்த விஷயம். ஒரு திருமணத்தில் கொலையாளியைக் கண்டதும் ஹூச் பாய்கிறது. அதை வைத்து டர்னர் யாரையும் தூக்கில் போட்டுவிடுவதில்லை. எங்கே தேட வேண்டும் என்பது மட்டும் அவருக்குத் தெரிகிறது; தேடுவது அவர் வேலை.

துப்பறிவாளரும் நாயும் என்று பேச்சு வந்தால் இன்னொரு ஜோடியைச் சொல்லாமல் விட முடியாது. 1925-இல் துப்பறியும் சார்ஜென்ட் ஹெர்பர்ட் க்ரூகர் பழக்கிய சாவர் என்ற டோபர்மன், கால்நடைத் திருடன் ஒருவனை மோப்பம் ஒன்றையே துணையாகக் கொண்டு கரூ என்ற வறண்ட வெளியில் சுமார் 160 கிலோமீட்டர் தொடர்ந்து போனதாகக் கின்னஸ் புத்தகம் பதிவு செய்தது. கரூவைக் காரில் கடந்தவர்களுக்குத் தெரியும், அங்கே நிழல்கூட அரிது. ட்ருபீடோ தீர்ப்பு வந்து ஐந்தே ஆண்டுகள் ஆகியிருந்தன. திருடனிடம் கொண்டுபோய்ச் சேர்க்க அந்த நாயால் முடிந்தது. ஆனால் அது காட்டியதை மட்டும் நம்பி நீதிமன்றம் தண்டிக்காது. இரண்டும் சரி என்றே எனக்குப் படுகிறது.

இன்றைய போலீஸ் நாய்களைப் பற்றியும் மகளுக்குச் சொல்லுங்கள், பாதி பயம் தெளியும். இவற்றில் பல, கடிப்பதற்காகப் பழக்கப்பட்டவை அல்ல. விமான நிலையத்தில் நீங்கள் பார்க்கும் லாப்ரடார் வெடிமருந்தோ போதைப்பொருளோ தேடுகிறது. துறைமுகத்தில் அபலோன் என்ற கடல் நத்தையைக் கடத்துவதைத் தேடிப் பிடிக்கும் நாய்கள் உண்டு. க்ரூகர் தேசியப் பூங்காவில் காண்டாமிருக வேட்டைக்காரர்களின் தடம் பிடிக்கும் நாய்கள் உண்டு. அந்த மணம் கிடைத்தால் தன் பந்து கிடைக்கும் என்பதே நாய்க்குத் தெரிந்த ஒரே சட்டம். வெடிமருந்து கண்டுபிடிக்கும் நாய் குரைக்கவே கூடாது, சுரண்டவும் கூடாது. மூக்கை அந்த இடத்தில் வைத்தபடி சத்தமில்லாமல் உட்கார்ந்துவிட வேண்டும். ஹூச்சை அந்த வேலையில் விட்டால் விமான நிலையமே மிஞ்சாது.

ஹூச் சாகும் காட்சிக்கு மறுபடி வருகிறேன், மகள் அங்கேதான் கேள்வி கேட்பாள். டர்னரைக் காப்பாற்றப் போய் அது குண்டை வாங்கிக்கொள்கிறது. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் பெரிய பிள்ளைகளுக்கு நாலடியார் சொல்லிக்கொடுக்கும்போது ஒரு பாட்டு வரும்: யானை எவ்வளவு பழகினாலும் ஒருநாள் பாகனையே கொன்றுவிடும், நாயோ எறிந்த வேல் உடம்பில் தைத்திருக்கும்போதும் வாலைக் குழைக்கும், ஆகவே நாயைப் போன்றவரோடு நட்புக் கொள் என்பது அதன் கருத்து. ஹாங்க்ஸ் சாகும் நாயோடு பேசும் இடத்தில் இந்தப் பாட்டை மகளுக்குச் சொல்லலாம். ஏன் செத்தது என்ற கேள்விக்கு நான் அறிந்தவரை இதைவிட நல்ல பதில் கிடையாது. பிறகு கால்நடை மருத்துவரின் கோலி நாய்க்குப் பிறந்த குட்டிகளைக் காட்டுகிறார்கள், அதில் ஒன்று அப்பனை உரித்து வைத்திருக்கிறது.

தமிழிலும் ஒன்று பார்க்க வேண்டும் என்றால் 2014-இல் வந்த 'நாய்கள் ஜாக்கிரதை' இருக்கிறது. சக்தி சௌந்தர் ராஜன் இயக்கம். சிபிராஜ் போலீஸ் அதிகாரி, சுப்பிரமணி என்ற பெல்ஜியன் மாலினுவா அவர் துணை. கடத்தல் கதை, இருட்டான காட்சிகள் உண்டு; மகள் கொஞ்சம் வளர்ந்த பிறகு காட்டுங்கள். 'டர்னர் அண்ட் ஹூச்'-இன் தொடர்ச்சியாக 2021-இல் வந்த தொலைக்காட்சித் தொடர் பன்னிரண்டு பகுதிகளோடு நின்றுவிட்டது. அது நடுத்தரம்தான், குழந்தைகளுக்குக் கெடுதல் இல்லை.

கடைசியாக, நாய் வாங்கும் விஷயம். இதில் நான் கண்டிப்பாகவே பேசுவேன். ஹூச் 'டோக் டி போர்டோ' என்ற பிரெஞ்சு இனம். ஆண் நாய் ஐம்பது கிலோவுக்குக் குறையாது. மூக்கு குட்டை, மூச்சிரைத்துத்தான் உடம்பைக் குளிர்த்திக்கொள்ளும் விலங்குக்கு அது பெரிய இடைஞ்சல். டர்பனின் ஜனவரி வெக்கையில், காற்றில் ஈரம் நிற்கும் நாட்களில், காலை எட்டு மணிக்கு மேல் அதை நடக்கக் கூட்டிப்போவது ஆபத்து. இதயக் கோளாறும் இடுப்பு எலும்புக் கோளாறும் வயிறு முறுக்கிக்கொள்ளும் நோயும் இந்த இனத்துக்கு அதிகம். பெரிய நாய்களிலேயே ஆயுள் குறைந்த இனங்களில் இதுவும் ஒன்று. படத்தில் நடித்த பீஸ்லியும் 1992-இல் இறந்துவிட்டது. எச்சில் விஷயத்தில் படம் மிகைப்படுத்தவே இல்லை. தொங்கும் உதட்டு மடிப்பில் குடித்த தண்ணீர் தேங்கி நிற்கும். தலையை உதறினால் பூஜை அறைச் சுவர்வரை போகும். படம் வந்த பிறகு இந்த இனத்துக்கு மவுசு ஏறியது. திரையில் பார்த்து மயங்கி வாங்கியவர்கள் ஓராண்டுக்குள் வைத்துக்கொள்ள முடியாமல் தவிப்பது எந்த இனத்துக்கும் நடப்பதுதான், ஐம்பது கிலோ நாய் என்றால் தவிப்பும் ஐம்பது கிலோ.

நாய் வேண்டும் என்று மகள் உண்மையாகவே விரும்பினால் டர்பன் எஸ்பிசிஏ காப்பகத்துக்கு அழைத்துப் போங்கள். இனத்தைப் பார்க்காதீர்கள், குணத்தைப் பாருங்கள். நடுத்தர அளவு, ஒரு வயது தாண்டியது, கூண்டருகே போனதும் பாய்ந்து குரைக்காமல் நின்று நிதானமாக மோந்து பார்ப்பது முதல் நாயாக வளர்க்க ஏற்றது. மதில், கதவு, தெருவில் போகும் நாய்கள் எல்லாவற்றையும் சரிபார்த்த பிறகே கொடுப்பார்கள், அதற்கு ஒத்துழையுங்கள். உண்ணிக்கு மாத மருந்தைத் தவற விடாதீர்கள். நம் பக்கத்தில் உண்ணியால் வரும் பிலியரிக் காய்ச்சல் நல்ல நாயையும் சில நாட்களில் கொண்டுபோய்விடும். ஈறு வெளுத்து, தீனியைத் தொடாமல் சோர்ந்து படுத்தால் மறுநாள்வரை காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். தீபாவளிக்கும் அதை ஒட்டி வரும் நவம்பர் 5 பட்டாசு இரவுக்கும் நாயை ஜன்னல் சாத்திய உள்ளறையில், ரேடியோ ஓடவிட்டு, யாராவது ஒருவர் கூட இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். பயந்து மதில் தாண்டி ஓடும் நாய்கள் அந்த வாரத்தில்தான் அதிகம். புதிதாக வந்த நாயை அந்த நாட்களுக்கு முன்பே சிப் பொருத்திப் பதிவு செய்துவிடுங்கள்.